இது யாருக்கு?

அந்தத் தையல் கொட்டகையில் ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பேர் இருந்தது மற்ற எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

வேற்று ஆட்கள் இல்லை, அக்கா தங்கைதான். ஒரே வீட்டில் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். கொட்டகையில் அவர்களுக்குப் பெரியவள், சின்னவள் என்றுதான் பேர். பெரியவள் காலர் தைப்பதில் கெட்டிக்காரி. சின்னவள் எதையும் தைப்பாள், யாரிடமும் வாயாடுவாள், அக்காவிடம் தவிர.

அங்கே தைப்பதெல்லாம் சீருடைகள். காவலாளிகளின் நீலச் சட்டை, மருத்துவமனைப் பச்சை, சமையற்கட்டு வெள்ளை. இவற்றோடு ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கறுப்புக் கோட்டு. அதுதான் எமன். துணி கறுப்பு, உள்ளே லைனிங் கறுப்பு, நூல் கறுப்பு. தடித்த துணி, ஊசி உடையும். தையல் கோணிவிட்டால் எது நூல், எது துணி என்று தேடிப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். கூலி பீஸ் கணக்கு; கறுப்புக்கும் சட்டைக்கும் ஒரே கூலி. முதலாளியிடம் போய்க் கேட்டதற்கு, "கைதான் இல்லையே அதுக்கு? சட்டைக்கு ரெண்டு கை இருக்கு. நியாயமா பார்த்தா குறைக்கணும்" என்றாராம். அதற்குப் பிறகு யாரும் கேட்கப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் வெட்டிய துணியைப் பண்டல் பண்டலாகக் கட்டி நீள மேசையில் அடுக்கியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று. யாருக்கு எது என்பதுதான் அந்த வாரத்தின் தலையெழுத்து. முன்பெல்லாம் தைத்ததைச் சரிபார்க்கிற செக்கர் பிரித்துக் கொடுத்தார். அவருக்கு டீ வாங்கி வந்தவர்களுக்கு வெள்ளையாகப் போயிற்று. பிறகு சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சீட்டின் மூலை மட்டும் மடங்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, மயிரைப் பிடித்துக்கொள்ளாத குறை.

அப்போதுதான் மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். அவர் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் கால்பந்து பார்க்கிறவர். எதற்கெடுத்தாலும் "ஃபேர் ப்ளே வேணும்ல?" என்பது அவருடைய வாய்வழக்கு. "ஒரு ஆள் செவுத்தைப் பார்த்து நிக்கட்டும். இன்னொரு ஆள் ஏதாவது ஒரு பண்டல் மேல கையை வச்சு 'இது யாருக்கு?'ன்னு கேக்கட்டும். செவுத்தைப் பார்க்கிற ஆள் ஒரு பேரைச் சொல்லட்டும். வாய்ல என்ன வருதோ அதான். ஃபேர் ப்ளே."

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டா?" என்று கேட்டாள் ரேடியோ. காலையில் ஆரம்பித்தால் கொட்டகை மூடும்வரை அவள் வாய் மூடாது.

"சேராத ரெண்டு பேரைப் பிடிங்க."

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் அக்கா தங்கையின் பக்கம் திரும்பின.

அன்றிலிருந்து சின்னவள் மேசைக்கு, பெரியவள் சுவருக்கு. அந்தச் சடங்குக்கே ஃபேர் ப்ளே என்று பேராகிவிட்டது. "ஃபேர் ப்ளே ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வருவார்கள். சின்னவள் அக்காவைக் கேட்பதில்லை, மேசையைக் கேட்பாள். பெரியவள் தங்கைக்குப் பதில் சொல்வதில்லை, சுவருக்குச் சொல்வாள். ஆக, பேசாமலும் இருந்தார்கள், வேலையும் நடந்தது.

அவர்கள் சண்டையும் ஒரு பங்கீட்டில் வந்ததுதான். அம்மா போன பிறகு வீட்டை இரண்டாக்க வேண்டியிருந்தது. பெரியவள் பிரிப்பது, சின்னவள் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. குழாய் ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம் வருகிற மாதிரி பெரியவள் பலகையை நிறுத்தினாள். தங்கை குழாயைத்தான் எடுப்பாள், ஜன்னல் தனக்கு என்று மனசுக்குள் கணக்கு. சின்னவள் ஜன்னலை எடுத்துக்கொண்டாள். "ஆளைப் பார்த்து எடுத்தியா, பொருளைப் பார்த்து எடுத்தியா?" என்று பெரியவள் கேட்க, "நீ எதைப் பார்த்துப் பிரிச்ச?" என்று இவள் கேட்க, அதோடு சரி. பெரியவள் பக்கத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

இப்போது விளக்குப் போட்டாலும் போதவில்லை. பெரியவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வலது கண்ணில் முற்றியேவிட்டது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், இந்த சீசன் முடிந்த பிறகு. வெள்ளையும் நீலமும் பச்சையும் அவள் சமாளித்தாள். விரல் வழி காட்டும், கண் பின்னால் வரும். கறுப்பு என்றால் துணியில் ஒரு பள்ளம் இருப்பது போல இருந்தது, அவ்வளவுதான். கறுப்புப் பண்டல் கையில் வந்தால் தையல் கோணும், செக்கர் திருப்புவார். இரண்டு பண்டல் திரும்பினால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கேட்டுக்கு வெளியே தினமும் நாலு பெண்கள் வேலை கேட்டு நின்றார்கள். ஒருமுறை எழுந்தால் திரும்ப உட்கார இடம் கிடையாது. அதனால் கண் விஷயம் புருஷனுக்கு மட்டும் தெரியும், கொட்டகையில் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட காலம். தகரக் கூரைமேல் விழுகிற சத்தத்தில் பக்கத்து மெஷின்காரி பேசுவதே காதில் விழாது. காலை பத்து மணிக்கு மாலை மாதிரி இருக்கும். அப்படி ஒரு திங்கட்கிழமை, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த பெரியவளுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது.

"இது யாருக்கு?"

"தீக்குச்சிக்கு" என்றாள் பெரியவள்.

கறுப்பு. தீக்குச்சி என்பது பெரியவளுக்கு அடுத்த மெஷின்காரி. ஆளும் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்கிற குணமும். "போச்சுடா!" என்று தலையில் அடித்துக்கொண்டு பண்டலைத் தூக்கிப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கு வந்தாலும் மற்றவர்கள் சிரிப்பதுதான் வழக்கம்.

அடுத்த திங்கட்கிழமையும் அதே இருமல். வறண்ட, சின்ன இருமல். சளி பிடித்தவள் இருமுவது அப்படி இருக்காது. கறுப்புக்குத்தான் அது என்று பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. யாருடைய பேர் பாக்கி என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததே தப்பு. இத்தனை நாளும் அவள் யோசித்ததில்லை.

"இது யாருக்கு?"

"தீக்குச்சிக்கு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டு வாரமும் எனக்கேவா? செவுத்துல என் பேரையா எழுதி வச்சிருக்கு?" என்று கத்தினாள் தீக்குச்சி.

"வாய்ல வந்ததுதானேடீ. அவ என்ன பண்ணுவா?" என்றாள் ரேடியோ.

அந்த வாரம் முழுக்கப் பெரியவள் பச்சைத் துணி தைத்தாள். பக்கத்தில் தீக்குச்சி கறுப்போடு மல்லுக்கட்டினாள். அவளுடைய முதல் கறுப்புப் பண்டல் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது. அதைப் பிரித்துத் தைத்துக்கொண்டே இதையும் தைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது அவள் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் பிளேடுமாக நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். செக்கர் வந்து நின்றார். "இதுவும் திரும்பினா என்னைக் குத்தம் சொல்லாத. வெளிய ஆள் நிக்குது." தீக்குச்சி குனிந்து அடுத்த நூலைப் பிரித்தாள். எரிந்து விழாத தீக்குச்சியைப் பெரியவள் அன்றுதான் பார்த்தாள்.

ஏன் அவள் பேரைச் சொன்னோம்? ஒரு வாரத்துக்கு முன் தீக்குச்சி, "அக்கா, உன் காலர் முனை எட்டிப் பார்க்குது பாரு" என்று சொல்லியிருந்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனாலா? கைவேகம் உள்ளவள், எப்படியும் சமாளித்துக்கொள்வாள் என்றா? இல்லை, சும்மா வாயில் வந்ததா? எவ்வளவு தோண்டினாலும் பெரியவளுக்கு அடி தெரியவில்லை. அதுதான் அவளைப் போட்டு வதைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீக்குச்சியின் இரண்டாவது பண்டல் ஒருவழியாகத் தேறியது. ரேடியோ எல்லோருக்கும் செய்தி வாசித்தாள்: "பெரிய ஹோட்டல் ஒண்ணு தொறக்குறாங்களாம். வர்ற வாரம் ரெண்டு கறுப்பு. கட்டிங் மாஸ்டர் வெட்டியே வச்சுட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. பின்கட்டில் துவைக்கிற வேலை. குழாய் பெரியவள் பக்கம். அவள் புருஷன் கார் நிறுத்துமிடத்தில் காவலாளி. அன்று அவருக்கு மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. சின்னவள் புருஷன் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பார். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் தூது போவது ஒரே ஆள்தான்.

சின்னவள் வாளியோடு வந்து நின்றாள். "அத்தான், தண்ணி பிடிச்சுக்கலாமான்னு கேளுங்க."

அவர் கைக்கெட்டும் தூரத்தில் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, "தண்ணி பிடிச்சுக்கலாமான்னு கேக்கறா" என்றார்.

"குழாய் என்ன கோவிச்சுக்கவா போகுது? பிடிச்சுக்கட்டும்."

"பிடிச்சுக்கலாமாம்."

"காதுல விழுந்துச்சு அத்தான்."

"விழுந்தாலும் சொல்ற கடமை என்னுது. அங்க சம்பளத்துக்குக் காவல், இங்க இனாமா அஞ்சல்."

வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. பெரியவள் சட்டையைப் பிழிந்துகொண்டே, "ஏங்க, அவளுக்கு இருமல் எப்படி இருக்குன்னு கேளுங்க" என்றாள்.

அவருக்கே ஆச்சரியம். "உனக்கு இருமல் எப்படி இருக்குன்னு கேக்கறா."

"எனக்கேது இருமல்?"

"இருமல் இல்லையாம்."

"அப்ப திங்கக்கிழமை மட்டும் எதுக்கு வருதுன்னு கேளுங்க."

அவர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார், மைத்துனியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். "இது என் சக்திக்கு மீறின சமாச்சாரம். நான் ஒரு டீ குடிச்சுட்டு வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

வாளி நிரம்பி வழிந்தது. சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"குழாயை மூடு" என்றாள் பெரியவள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

சின்னவள் மூடினாள்.

"என் கண்ணு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ல. நீ நம்பரைப் பாக்குறதே இல்ல. நான் ஏறினா ஏறுற. ஒரு நாள் வேணும்னே வேற பஸ் படியில காலை வச்சுட்டு இறங்கிட்டேன். நீ பாட்டுக்கு ஏறி உள்ள போயிட்ட. பஸ்ஸும் போயிடுச்சு."

"அடிப் பாவி! அது நீ செஞ்ச வேலையா? மழையில எவ்வளவு தூரம் நடந்து வந்தேன் தெரியுமா?"

"தெரியும். நீ வந்து கதவைத் திறக்குற வரைக்கும் ஜன்னல்லதான் நின்னேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல."

"உன் ஜன்னலைப் பத்திப் பேசாத."

"பேசினாலும் பேசலன்னாலும் அதைத்தானே நினைச்சுக்கிட்டு இருக்க? இருட்டுல கிடந்து கிடந்துதான் கண்ணு போச்சு, இவதான் வெளிச்சத்தை எடுத்துக்கிட்டுப் போனான்னு."

"புரை ஜன்னலைப் பார்த்து வர்றதில்லையாம். டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

"கேட்டியா?"

"கேட்டேன். ஆமான்னு சொல்லியிருந்தா உன்னைத் திட்டுறதுக்கு வசதியா இருந்திருக்கும்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. கொடியில் கிடந்த ஈரத் துணியைத் தேவையில்லாமல் இழுத்துச் சரிசெய்தாள். "கறுப்பு வந்தா இருமினேன். உன் பேரைச் சொல்லிடாதேன்னு. அதுக்குத்தான்."

"அதுக்குத் தீக்குச்சியா அகப்பட்டா?"

"அவ பேரைச் சொல்லச் சொன்னது யாரு? நீ என் பேரைச் சொல்லுவன்னு நினைச்சேன்."

பெரியவள் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

"என்னடீ சொல்ற?"

"இருமினா என் பேரைச் சொல்லுவ, நான் எடுத்துக்கலாம்னுதான் இருமினேன். உனக்குத்தான் என் மேல அவ்வளவு கோபமாச்சே. கறுப்பை என் தலையில கட்டுறதுக்கு இதைவிட நல்ல நேரம் எப்ப கிடைக்கும்? நீ என்னடான்னா ரெண்டு தடவையும் தீக்குச்சி தீக்குச்சின்னு..."

"இருமல் போட்டா 'எனக்குக் குடு'ன்னு அர்த்தம்னு எனக்கு எப்படிடீ தெரியும்? பேசிப் பழக்கம் இருந்தாத்தானே? உன் பேரைச் சொன்னா, தெரிஞ்சே பழி வாங்கிட்டான்னு நீ நினைப்பியேன்னு உன் பேரை மட்டும் தள்ளி வச்சேன்."

பெரியவள் குனிந்து, விழுந்த சட்டையை எடுத்து உதறினாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"சரி, நடந்தது நடந்து போச்சு. நாளைக்கு நான் இருமுறேன், என் பேரைச் சொல்லு. முடிஞ்சுது" என்றாள் சின்னவள்.

"நாளைக்கு ரெண்டு கறுப்பு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு?"

"யாராவது."

"யாராவதுன்னு பேரு வச்சவங்க நம்ம கொட்டகைல யாரும் இல்ல. ரேடியோ இருக்கா, அவளுக்கு மூட்டு வலி. அந்தப் புதுசா வந்த பொண்ணு இருக்கா, அவளுக்குக் கறுப்புன்னா அழுதுடுவா. தீக்குச்சி இருக்கா, அவளுக்கு இன்னொண்ணு வந்து அது திரும்பிச்சுன்னா மெஷினே போயிடும். சொல்லு, யார் அந்த யாராவது?"

"அப்ப நான் இருமவே மாட்டேன். முன்னாடி மாதிரி வாய்ல வந்ததைச் சொல்லு."

"நீ இருமலன்னாலும் மூச்சைப் பிடிச்சுக்குவ. ஒரே படுக்கையில படுத்து வளர்ந்தவ, உன் மூச்சு எனக்குத் தெரியாதா? தெரிஞ்ச பிறகு எந்தப் பேரைச் சொன்னாலும் அது நான் போடுறது."

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இங்க பாரு. வாயைத் திறந்து ஏதாவது சொல்லி வச்சா போச்சு. சீசன் முடியிற வரைக்கும் தள்ளிட்டா ஆபரேஷன். அப்புறம் உன் கண்ணு, உன் மெஷின். நடுவுல போய் நியாயம் பேசாத."

"நியாயம் பேசலடீ. பக்கத்து மெஷின்ல உக்காந்து அவ ரொட்டி தின்னதைப் பார்த்தியா நீ?"

சின்னவள் வாளியைத் தூக்கினாள். பாதித் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

திங்கட்கிழமை மறுபடியும் மழை. செக்கர் வாசலில் லாரியிலிருந்து பித்தான் பெட்டிகள் இறக்குகிற இடத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு டியூப்லைட்கள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கறுப்பு இரண்டும் வலது கோடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு, பார்க்காதது போல இருந்தார்கள். தீக்குச்சி கையைக் கட்டிக்கொண்டு பெரியவளின் முதுகையே பார்த்தாள்.

பெரியவள் சுவரைப் பார்த்து நின்றாள். சுண்ணாம்பு உரிந்த சுவர். அவள் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைப் புகை.

"இது யாருக்கு?"

"ரேடியோவுக்கு." நீலம். ரேடியோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"இது யாருக்கு?"

"புதுசுக்கு." பச்சை.

அடுத்த கேள்வி வரவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் பெரியவளுக்குக் கேட்டது: தங்கை மூச்சை இழுத்துப் பிடித்தது.

"இது... இது யாருக்கு?"

பெரியவள் திரும்பினாள். சுவரைப் பார்க்கிறவள் நடுவில் திரும்புவது அதுவரை நடந்ததே இல்லை. சின்னவளின் கை கறுப்பின் மேல்தான் இருந்தது.

"நானும் இவளும் நேத்து பேசிட்டோம்" என்றாள் பெரியவள். "இனிமே நாங்க ரெண்டு பேரும் இதுக்கு ஆகமாட்டோம். வேற ஆளை நிறுத்துங்க."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"பேசிட்டீங்களா? என்ன பேசினீங்க?" என்று கேட்டது தீக்குச்சிதான்.

"ரெண்டு வாரமா கறுப்பு வந்தா இவ இருமினா. முதல் தடவை எனக்குப் புரியல. ரெண்டாவது தடவை புரிஞ்சுது. புரிஞ்சும் உன் பேரைச் சொன்னேன்."

"என் பேரை."

"உன் பேரை."

"என் மெஷின் போயிருக்கும். தெரியுமா உனக்கு? என் வீட்டுல சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான், அது தெரியுமா?" தீக்குச்சியின் குரல் கூரையைத் தொட்டது. மெக்கானிக் வாசலை எட்டிப் பார்த்தார். மழைச் சத்தத்தில் செக்கர் காதில் எதுவும் விழுந்திருக்காது. "அக்கா அக்கான்னு உன் பக்கத்துல உக்காந்து, நூல் தீர்ந்தா என் நூலைக் குடுத்து... உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"அவளுக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"சும்மா இரு" என்றாள் பெரியவள்.

"என்ன கண்ணு?" தீக்குச்சி ஒரு அடி முன்னால் வந்தாள். பெரியவளின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். விரல்கள் எங்கே என்று பெரியவளின் பார்வை சரியாகப் பிடிக்கவில்லை. தீக்குச்சி கையை இறக்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

"ச்சு கொட்டாதீங்க!" என்று சீறினாள் தீக்குச்சி. "அது அவ கதை. அதை செக்கர்கிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. ஆனா ரெண்டு கறுப்பு எனக்கு வந்துச்சு, அது என் கதை. அதுக்கு என்ன பதில்?"

"ஃபேர் ப்ளேன்னா..." என்று மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

"நீங்க இருமாதீங்க அண்ணே, ஏற்கெனவே ஒருத்தி இருமினதுதான் இவ்வளவும்" என்று வெட்டினாள் தீக்குச்சி.

அந்த நேரத்திலும் இரண்டொரு பேர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தீக்குச்சி மேசைக்குப் போனாள். மேலிருந்த கறுப்பைத் தூக்கிப் பெரியவளின் கையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட எறிந்தாள் என்பதே சரி. அடுத்ததைச் சின்னவளின் நெஞ்சில் அழுத்தினாள். "ரெண்டு பேர் செஞ்சது, ரெண்டு பேருக்கும் ஒண்ணு. மிச்சத்துக்குப் பேர் சொல்லலாம்."

"பேர் யார் சொல்றது? பேசாத ஆளுங்க இனிமே எங்க போய்த் தேடுறது?" என்றாள் ரேடியோ.

"எங்கேயும் போக வேணாம்" என்றாள் தீக்குச்சி பெரியவளைக் காட்டி. "நானும் இவளும் இனிமே பேசமாட்டோம். நான் மேசைக்கு, இவ செவுத்துக்கு."

"இவளையா? பண்ணினவளையே திரும்ப நிறுத்துறதா?"

"நான் மேசைல நின்னா இவளுக்கு எதுக்குச் சாடை காட்டப் போறேன்? என்னைவிடத் தோதான ஆள் உனக்குக் கிடைக்குமா?"

யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பெரியவள் கறுப்பைத் தன் மெஷின்மேல் வைத்துவிட்டு வந்து மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றாள். தீக்குச்சி கேட்டாள், பெரியவள் சொன்னாள். பின்னால் யாரும் இருமவில்லை, மூச்சும் பிடிக்கவில்லை. கடைசியில் தீக்குச்சிக்குப் பச்சை வந்தது.

செக்கர் வருவதற்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். மெஷின்கள் ஓடத் தொடங்கின.

பெரியவள் கட்டை அவிழ்த்தாள். துணியையும் லைனிங்கையும் முனையோடு முனை சேர்த்து விரலால் தடவினாள். ஓரம் எங்கே என்று விரலுக்குத் தெரிந்தது. மெல்ல, மிக மெல்ல ஓட்டினாள். முதல் தோள் தையல் முடிந்தது. நேராக இருக்கிறதா என்று நகத்தால் ஓட்டிப் பார்த்தாள். இருக்கிற மாதிரிதான் பட்டது. இரண்டாவது தோளில் தடித்த மடிப்பு வந்தது. டக்கென்று நூல் அறுந்தது.

நூலின் முனையை நாக்கில் நனைத்தாள். ஊசியின் காது இருக்கிற இடம் தெரியும், அத்தனை வருஷப் பழக்கம். ஆனால் கறுப்புத் துணிக்கு முன்னால் கறுப்பு நூல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒருமுறை குத்தினாள். இன்னொருமுறை. நூல் பிரிந்து மீசை மாதிரி ஆனது. கத்தரித்து மறுபடியும் நனைத்தாள். அவளுடைய மெஷின் ஓடாமல் நிற்பது கொட்டகைக்கே கேட்கிற மாதிரி இருந்தது. செக்கர் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சின்னவள் தன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அக்காவின் பக்கத்தில் நின்று நூல் முனைக்குக் கையை நீட்டினாள்.

"அது எப்படி?" என்று பின் வரிசையிலிருந்து ரேடியோ கேட்டாள். "அவ பண்டலை அவதானே தைக்கணும்? ஆளாளுக்கு உதவிக்கு ஆள் வச்சுக்கிட்டா அப்புறம் ஃபேர் ப்ளே எதுக்கு?"

சின்னவளின் கை பாதியில் நின்றது. பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எல்லோரும் தீக்குச்சியைப் பார்த்தார்கள். செக்கர் இன்னும் இரண்டு வரிசை தள்ளி இருந்தார்.

தீக்குச்சி பச்சைத் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெரியவளைப் பார்த்துப் பேசக் கூடாது என்பதால் எதிரே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியிடம் சொன்னாள்.

"கோத்துக் குடுக்கலாம். தைக்கக் கூடாது."

சின்னவள் குனிந்து நூலைக் கோத்தாள். கோத்ததும் இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி மெஷினிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பெரியவள் பெடலை மிதித்தாள்.